மாற்றி அடுக்கிய விறகுகள்

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் ஒரு காஸ் கணப்பு இருந்தது. சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டி, முன்னால் தடித்த கண்ணாடி, உள்ளே விறகு போலவே செய்த நான்கு பீங்கான் கட்டைகள், அவற்றுக்குக் கீழே தீ வரும் குழாய். சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினால் மெல்லிய சத்தத்தோடு தீ பிடிக்கும். எங்கள் சொந்தக்காரர் வீடு எதிலும் அப்படி ஒன்று இருக்கவில்லை. அதனால் வீடு பார்க்க வருகிறவர்களை நான் முதலில் கீழேதான் கூட்டிக்கொண்டு போவேன். சமைக்கும் குசினியைக்கூடப் பிறகுதான் காட்டுவேன்.

வீட்டை விற்ற பெண்மணி சாவியோடு கணப்பின் கையேட்டையும் தந்தார். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்குமுன், ஆளைக் கூப்பிட்டுத் துப்புரவாக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். முதல் வருடம் கூப்பிட்டோம். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உள்ளே தூசியை உறிஞ்சி எடுத்து, திரும்பவும் பூட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதற்கு எதற்கு ஒரு ஆள் என்று தோன்றியது. அடுத்த வருடத்திலிருந்து நானே செய்தேன். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு கொளுக்கிகள் இருக்கும். தீயை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அவற்றை இழுத்தால் கண்ணாடி கையோடு வந்துவிடும். அதற்கென்று விற்கும் ஒரு பசையைப் பூசித் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும். "உமக்குத் தெரியாத வேலை இல்லை" என்று கணவர் சொல்வார். அந்த வார்த்தைக்காகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில், அழுக்கு இல்லாத கண்ணாடியையும் கழற்றித் துடைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருடம் செப்டெம்பரில் மச்சாள் வந்தார். என் கணவரின் அக்கா. கலியாணம் செய்யாதவர், ஊரில் தையல் வகுப்பு நடத்தியவர். இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு எங்களோடு இருந்தார். மேல்தளத்தில் மகனின் அறை வெறுமையாகத்தான் கிடந்தது. அவன் ஒட்டாவாவில் படிக்கப் போய்விட்டான், டிசெம்பரில் நத்தார் விடுமுறைக்கு மட்டும் வருவான். ஆனாலும் அவனுடைய அறை அவனுக்கே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். மச்சாளுக்குப் பேஸ்மென்டில் கட்டில் போட்டோம். "கணப்பு இருக்குது, மேல இருக்கிறதை விட அங்கதான் சூடு" என்று கணவரிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

மச்சாளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் குறையாக இருந்தது. நான் எழும்புமுன் தேத்தண்ணி வைத்திருப்பார். வாரத்தில் ஐந்து நாள் காலையில் பஸ் பிடித்துப் பிரெஞ்சு வகுப்புக்குப் போவார். கணவர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கீழே போய், "அக்கா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பார். என்னை அப்படிக் கேட்டு எத்தனை வருடம் என்று நான் குசினியில் நின்று கணக்குப் பார்ப்பேன். ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்த ஒருத்தி இதற்கெல்லாம் பொறாமைப்பட்டாள் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் என்னோடு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்யும் பெண்கள் ஐந்து பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். எல்லோரும் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். காலையில் கணப்பைப் போட்டுப் பார்த்தேன். தீ நீலமாக, சின்னதாக, கட்டைகளுக்குக் கீழேயே பதுங்கிக் கிடப்பதுபோல இருந்தது. விருந்தாளிகள் வரும் நேரத்தில் இது என்ன தீ என்று எனக்குப் பட்டது. கணவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். நிறுத்தி, ஆறவிட்டு, கண்ணாடியைக் கழற்றினேன். கட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கினேன். ஒன்றைத் தூக்கி முன்னால் குறுக்கே வைத்தேன். அலங்காரப் பொருள் கடையில் வாங்கிய வெள்ளைக் கூழாங்கற்களைத் தீ வரும் துவாரங்களுக்கு மேலே பரப்பினேன். மச்சாள்தான் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து பையிலிருந்து கற்களை எடுத்து எடுத்துத் தந்தார்.

"இதை இப்பிடி மாத்தலாமோ பிள்ளை?" என்று ஒரு தடவை கேட்டார்.

"எல்லாம் வடிவுக்குத்தானே மச்சாள்" என்றேன்.

திரும்பப் போட்டபோது தீ மஞ்சளாக எழும்பி, கட்டைகளைச் சுற்றி நக்கி நக்கி ஆடியது. வந்த பெண்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு கண்ணாடியின் உட்பக்கத்தில் கறுப்பு படியத் தொடங்கியது. துடைத்தேன். அடுத்த கிழமை திரும்பவும் படிந்தது. அழுக்கு என்றால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அது ஏன் படிகிறது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு தடவை துடைக்கும்போது, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த நாடா ஒரு மூலையில் கிழிந்து கையோடு வந்தது. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி வராமல் அடைக்கும் நாடா அது. விரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினேன். பூட்டும்போது இடதுபக்கக் கொளுக்கி சரியாக விழவில்லை. மற்றது விழுந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்.

நச்சுப்புகை வந்தால் கத்தும் அலாரம் ஒன்று பேஸ்மென்ட் சுவரில் இருந்தது. பற்றரி முடிந்து போய், நிமிடத்துக்கு ஒரு தடவை கீச்சிட்டது. மச்சாளுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று கழற்றி, கைத்துண்டுகள் வைக்கும் மேசை லாச்சிக்குள் போட்டேன். புதுப் பற்றரி வாங்க வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. வாங்காததும் உண்மை.

டிசெம்பர் நடுவில் மச்சாள் முதன்முதலாகச் சொன்னார்.

"காலமை எழும்பேக்க தலை இடிக்குது பிள்ளை. கண் எல்லாம் ஒரு மாதிரி."

"இஞ்சை குளிருக்கு எல்லாருக்கும் அப்பிடித்தான். தண்ணி கூடக் குடியுங்கோ" என்றேன்.

நாலைந்து நாள் கழித்து வகுப்புக்குப் போகாமல் நின்றார். அடுத்த கிழமை இரண்டு நாள் நின்றார். மேலே வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இருப்பார், சாப்பாடு வேண்டாம் என்பார். ஒரு நாள் சத்தி எடுத்தார். முதல்நாள் மீன்குழம்பு பழசு என்று நான் சொன்னேன். அவரே ஒன்றைக் கவனித்திருந்தார். "வெளியில பஸ்சுக்கு நிண்டா சுகமாக் கிடக்குது. உள்ள வந்தாத்தான் திரும்பத் தொடங்குது" என்றார்.

"அப்ப வகுப்புக்குப் போங்கோவன் மச்சாள்" என்றேன்.

அவர் எழும்பிக் கீழே போனார். அதன் பிறகு என்னிடம் தலையிடி பற்றிக் கதைக்கவில்லை.

கணவரிடம் காரில் வைத்து, "அக்காவுக்குப் பிரெஞ்சு படிக்க விருப்பமில்லை, அதுதான் ஒவ்வொரு நாளும் தலையிடி, சத்தி எண்டு ஒரு வருத்தம்" என்று சொன்னேன். "அவ அப்பிடிப் பொய் சொல்லுற ஆள் இல்லை" என்றார். "நான் பொய் எண்டு சொன்னனானே" என்று கோபித்துக்கொண்டேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இராமுழுக்கக் கணப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் படுங்கள் என்று மச்சாளிடம் சொன்னதும் நான்தான். சூடு மேலே வீணாகப் போகாமல் படிக்கதவைச் சாத்தி வைக்கச் சொன்னதும் நான்தான். ஞாயிறுகளில் கண்ணாடி துடைக்கக் கீழே போனால் எனக்கும் நெற்றி கனக்கும். அது துடைக்கும் பசையின் மணம் என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வெளியே நின்றால் மூக்கின் உட்பக்கம் உறையும் குளிர். பத்தரை மணியாகியும் மச்சாள் மேலே வரவில்லை. தேத்தண்ணியை நானே வைக்க வேண்டியிருந்த எரிச்சலில் இருந்தேன். பதினொரு மணிக்கு, 'இன்றைக்கும் வருத்தமா' என்று கேட்பதற்காகவே கீழே இறங்கினேன். கேட்கும் தொனியைக்கூடப் படியிலேயே தயாராக்கிக்கொண்டு போனேன்.

மச்சாள் கட்டிலில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தார். ஒரு காலில் காலுறை போட்டிருந்தார், மற்றதைக் கையில் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து மெதுவாக, நாக்கு தடித்த மாதிரி, "கால் வருகுதில்லைப் பிள்ளை" என்றார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். பின்னால் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் முந்தின ஞாயிறு துடைத்த கண்ணாடி பாதிக்கு மேல் கறுத்திருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் அக்காவைத் தூக்கிக்கொண்டு படியேறி, வாசல் கதவைத் திறந்து, குளிர்காற்றுப் படும்படி போர்வையால் சுற்றி இருத்தினார். நான் அவசர உதவிக்கு அடித்தேன். தீயணைப்புக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். ஒருவர் கையில் சின்ன அளவுகருவியோடு பேஸ்மென்டுக்கு இறங்கினார். பாதிப்படியிலேயே அது கத்தத் தொடங்கியது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, காஸை அடைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டார்கள். காபன் மொனொக்சைட் என்றார் அவர். மணமில்லாத நச்சு வாயு. எத்தனை நாளாக இவருக்குத் தலையிடி என்று என்னிடம் கேட்டார். "சில நாட்களாக" என்றேன். ஒரு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சாளுக்கு மணிக்கணக்காக ஒட்சிசன் கொடுத்தார்கள். எங்கள் இருவருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த நாள் பின்னேரம் மச்சாளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மகனுடைய கட்டிலில் படுக்க வைத்தோம். அதை நான் சொல்லவில்லை. கணவர் என்னைக் கேட்காமலே செய்தார்.

இதுவரைக்கும் நடந்ததை அறியாமையால் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

கணப்புத் திருத்துபவர் காலையில் வந்தார். நரைத்த மீசை, முழங்காலில் ரப்பர் காப்பு கட்டியிருந்தார். "பொன்ஜூர்" என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னார். கணவர் அவருக்குப் பக்கத்தில் நின்றார். மச்சாளும் போர்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து கடைசிப் படியில் இருந்தார். கணவருக்கு இருபத்தைந்து வருடமாக ஆங்கிலம் பேசும் இடத்தில்தான் வேலை. மச்சாளுக்கு வகுப்பில் படித்த கொஞ்சம். எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்றால் நான்தான். கடிதம், தொலைபேசி, வாசலுக்கு வருகிறவர்கள், எல்லாம் என் வாய்வழியாகத்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றும்போதே கிழிந்த நாடாவைக் கண்டு உச்சுக்கொட்டினார். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பத்திரிகைத் தாளில் வைத்தார். புகைக்கரி பஞ்சுபோல உதிர்ந்தது. வெள்ளைக் கற்கள் ஒன்றும் வெள்ளையாக இல்லை. அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். தீக்குத் தேவையான காற்றுப் போகும் வழியை இந்தக் கற்கள் அடைத்துவிட்டன. நெருக்கி வைத்த கட்டைகளில் சுடர் மோதி, காஸ் முழுதாக எரியாமல் கரியும் நச்சும் உண்டாகியிருக்கின்றன. கிழிந்த நாடா வழியாக அது அறைக்குள் வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் எங்கே இருக்க வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கிறதே என்றார்.

பிறகு கேட்டார்: "இதை மாற்றி வைத்தது யார்?"

அதட்டிக் கேட்கவில்லை. குறிப்பு எழுதும் தாளை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். நான் என்று சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டி எழுதிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். நான் பிரெஞ்சில் சொன்னேன்: "என் மச்சாள்தான் இங்கே கீழே இருப்பவர். எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு இதெல்லாம் புதிது."

அவர் படியில் இருந்த மச்சாளைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார். இனிமேல் தொட வேண்டாம் என்று அவருக்கு விளங்கப்படுத்துங்கள் என்றார்.

"என்னவாம்?" என்று கணவர் கேட்டார்.

"ஆரோ கட்டையளை மாத்தி வைச்சிருக்கினமாம். கல்லும் போட்டிருக்குதாம். அதாலைதான் எண்டு சொல்லுறார்."

ஆரோ என்றுதான் சொன்னேன். ஆனால் திருத்துபவர் மச்சாளைப் பார்த்ததைக் கணவர் கண்டிருந்தார். அவர் அக்காவிடம் திரும்பி, "அக்கா, துப்புரவாக்கேக்க நீங்கள் இதைத் தொட்டனீங்களோ?" என்று கேட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். கோபமாகவோ கேள்வியாகவோ இல்லை. நான் ஏதாவது சொல்லப் போகிறேனா என்று ஒரு கணம் பொறுத்த மாதிரித்தான் இருந்தது. நான் குனிந்து தாளில் இருந்த கட்டைகளைப் பார்த்தேன்.

"ஓம் தம்பி" என்றார். "தூசி தட்டேக்க அசைஞ்சிருக்கும். கல்லும் நான்தான்."

திருத்துபவர் இரண்டு மணி நேரம் வேலை செய்தார். மென்மையான தூரிகையால் துவாரங்களைத் துப்புரவாக்கி, கரியை உறிஞ்சி எடுத்து, வெளிச்சுவரில் புகை போகும் குழாயையும் போய்ப் பார்த்து வந்தார். புது நாடா ஒட்டினார். கையேட்டைப் பார்த்துக் கட்டைகளை வைத்து, இரண்டு கொளுக்கிகளும் விழும் சத்தத்தைக் கேட்டு உறுதிசெய்தார். தீ திரும்பவும் நீலமாக, சின்னதாக வந்தது. அலாரம் எங்கே என்றார். லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் பையிலிருந்து புதியதொன்றை எடுத்துச் சுவரில் பூட்டினார்.

அன்று பின்னேரம் சாப்பிடும்போது கணவர் அக்காவுக்கு அன்போடுதான் சொன்னார். "தெரியாத சாமானைத் தொடக்கூடாது அக்கா. இஞ்சத்தைச் சாமானுகள் வேற மாதிரி. உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா?" மச்சாள் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் அவருக்கு இரண்டாம் தடவை பருப்பு ஊற்றினேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். 'உமக்குத் தெரியாத வேலை இல்லை' என்ற அந்த ஒரு வார்த்தையை இழக்கப் பயந்தேன் போல. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழும்புவேன். மச்சாள் வழமைபோலவே தேத்தண்ணி தருவார். சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதம் மச்சாள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்டுக்குக் குடிபோனார். வகுப்பில் கூடப் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணோடு சேர்ந்து ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்தார். உடுப்புத் திருத்தும் கடையொன்றில் வேலை கிடைத்தது, அது பக்கம் என்று காரணம் சொன்னார். போகும்போது பேஸ்மென்டைக் கூட்டி, கட்டில் விரிப்பைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டுப் போனார். கணவருக்கு முகம் விழுந்துபோய்விட்டது. "எங்கடை வீட்டில அவவுக்கு என்ன குறை?" என்று என்னிடமே கேட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள், மளிகைக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் இறங்கப் போகையில் சொன்னேன். கட்டைகளை மாற்றியது நான். கல் போட்டது நான். அந்த ஆளிடம் பொய் சொன்னதும் நான்.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். "அவவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியும். பக்கத்தில இருந்தவ."

"தெரிஞ்சுகொண்டே ஓம் எண்டவவோ?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சாமான் வாங்காமலே காரைத் திருப்பினார். நான்கு நாள் அவர் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். ஐந்தாம் நாள், "நீர் போய் அவவிட்டைச் சொல்லும். நான் வரமாட்டன்" என்றார்.

சனிக்கிழமை நான் தனியே புரோசார்டுக்குப் போனேன். மச்சாள் கதவைத் திறந்து, "வாங்கோ பிள்ளை" என்றார். மேசையில் யாருடையதோ கலியாண உடுப்பு, விளிம்பு பிரித்துக் கிடந்தது. நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். சரியாகச் சொல்லவும் வரவில்லை. கட்டை, கல், பிரெஞ்சு என்று துண்டு துண்டாக வந்தது.

"எனக்குத் தெரியும்தானே" என்றார். "கல்லு எடுத்துத் தந்தது நான்."

"அப்ப ஏன் மச்சாள் ஓம் எண்டனீங்கள்?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "அந்த வீட்டில எனக்கு நீங்கள் ரெண்டு பேரும்தான். உங்களுக்குள்ள சண்டை வந்தா நான் எங்க போறது? பேப்பர் ஒண்டும் கையில வரேல்லை, பாஷையும் தெரியாது. தம்பிக்கு நான் ஓம் எண்டு சொன்னா எல்லாம் முடிஞ்சுபோகும் எண்டு நினைச்சனான்."

பெருந்தன்மையால் செய்தார் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படி எண்ணுவது எனக்கும் வசதியாக இருந்தது. பயத்தால் செய்திருக்கிறார், அதுவும் என் வீட்டில் இருந்த பயத்தால்.

"அது பெரிய விசயம் இல்லைப் பிள்ளை" என்று அவரே தொடர்ந்தார். "தலை இடிக்குது எண்டு சொல்லேக்க நீங்கள் நம்பேல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். நான் ஒருநாளும் அப்பிடிப் பொய்யா வருத்தம் சொன்ன ஆள் இல்லை."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று எழும்பிப் போனார். குடித்தோம். மகனுடைய படிப்பைப் பற்றிக் கேட்டார். தம்பிக்கு இரத்த அழுத்தம் எப்படி என்று கேட்டார். கூட இருக்கும் பெண் வேலைக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றார்.

நான் போவதற்கு எழும்பியபோது, கட்டட நிர்வாகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்கா சொல்லுங்கோ." சூடாக்கியைப் பார்க்க வியாழக்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள், அதன் பக்கத்தில் இருக்கும் சாமான்களை நகர்த்தி வைக்க வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். "சரி, நன்றி பிள்ளை" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

கீழே இறங்குகையில் கூட இருக்கும் பெண் படியில் எதிரே வந்தார். ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டோம். வெளிக்கதவுக்குக் கிட்டப் போனபோது கையுறையை மேலே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பி ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மச்சாளின் குரல் கேட்டது.

"தங்கச்சி, இந்தக் கடிதத்தை ஒருக்காப் பார்த்துச் சொல்லும். வியாழக்கிழமை எண்டுதானே போட்டிருக்கு?"

நான் கதவைத் தட்டவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.